மவுண்ட் ஆன பிறகும் தொங்கிய மெஷின்கள்: ஒரு மவுண்ட்டி விசாரணை

9:52க்கு அலுவலகத்திலிருந்து வந்த போன்தான் என்னைத் தப்பான பக்கம் திருப்பிவிட்டது. அதுவரை சரியான ஆளைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று செய்முறைத் தேர்வு. ஒரு பொறியியல் கல்லூரியின் கணினித் துறை. இரண்டு ஆய்வகம், தலா 60 மெஷின். மாணவர்களின் ஹோம் டைரக்டரி எதுவும் அந்தந்த மெஷினில் கிடையாது, எல்லாம் சர்வர் அறையில் இருக்கும் ஒரே லினக்ஸ் சர்வரில். லாகின் செய்ததும் ஆட்டோஎஃப்எஸ் என்ற நிரல் அந்த மாணவரின் டைரக்டரியை என்எஃப்எஸ் (சர்வரில் உள்ள கோப்புகளை நெட்வொர்க்கில் பகிரும் முறை) வழியாக மவுண்ட் செய்து, அதாவது மெஷினிலேயே இருப்பது போல இணைத்து, கொடுக்கும். முதல் ஆய்வகத்தில் பழைய மெஷின்கள், அவை பேசுவது என்எஃப்எஸ் 3ஆம் பதிப்பு. இரண்டாவதில் இருப்பவை புதியவை, 4ஆம் பதிப்பு. போக, துறை அலுவலகத்தில் நான்கு மெஷின்.

9:30க்கு மணி அடித்தது. 120 பேரும் கிட்டத்தட்ட ஒரே நிமிடத்தில் பாஸ்வேர்டைத் தட்டினார்கள். முதலில் தட்டிய நாலைந்து பேருக்கு டெஸ்க்டாப் வந்தது. மற்றவர்களுக்குச் சுற்றும் வட்டம் மட்டும்.

ஆய்வக உதவியாளர் ஓடி வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

“சார், ஒரு மெஷினும் உள்ள விடமாட்டேங்குது சார். எக்ஸ்டர்னல் வேற வந்து உக்காந்திருக்காரு.”

“ரெண்டாவது லேப்?”

“அதுவும் அதே கதைதான் சார்.”

அந்த இரண்டாவது பதிலிலேயே எனக்கு ஒரு குழப்பம் விழுந்தது. ஏன் என்று சொல்வதற்கு முன் மவுண்ட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

வாசலில் நிற்பவர்

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980களில் என்எஃப்எஸ்ஸை உருவாக்கியபோதே, மவுண்ட் செய்யும் வேலையைத் தனி ஆளிடம் பிரித்துக் கொடுத்துவிட்டது. கோப்பைப் படிப்பதும் எழுதுவதும் என்எஃப்எஸ்ஸின் வேலை, அதன் ஆர்பிசி எண் (நெட்வொர்க் வழி அழைப்பில் சேவையை அடையாளம் காட்டும் எண்) 100003. “இந்த டைரக்டரி எனக்கு வேண்டும், தருவாயா?” என்று கேட்பதற்குத் தனி நெறிமுறை, எண் 100005. நெறிமுறையை விவரிக்கும் ஆவணங்களான 1989இல் வந்த ஆர்எஃப்சி 1094, 1995இல் வந்த ஆர்எஃப்சி 1813 இரண்டிலுமே அது பின்னிணைப்பில்தான் ஒண்டிக்கொண்டிருக்கிறது. மொத்தமே ஆறு அழைப்பு. சர்வரில் அந்த ஆறையும் கவனிக்கும் டீமன்தான், அதாவது பின்னணியில் ஓடும் நிரல்தான், மவுண்ட்டி.

கிளையன்ட், அதாவது கோப்பு கேட்கும் மெஷின், முதலில் 111ஆம் போர்ட்டில் இருக்கும் போர்ட்மேப்பரிடம் மவுண்ட்டியின் முகவரி கேட்கும். பிறகு மவுண்ட்டியிடம் போய் டைரக்டரியின் பெயரைச் சொல்லும். மவுண்ட்டி, எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் (எந்த டைரக்டரி யாருக்கு என்ற பட்டியல்) இந்த ஐபிக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒரு ஃபைல் ஹேண்டிலை, அதாவது அந்த டைரக்டரிக்கான அடையாளச் சீட்டை, நீட்டும். 3ஆம் பதிப்பில் அது 64 பைட் வரை போகும். அதை வாங்கிக்கொண்டு கிளையன்ட் நேரே கர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருந்து கோப்பு வேலையைப் பார்க்கும் என்எஃப்எஸ்டியிடம் போய்விடும்.

கல்யாண மண்டப வாசலில் நின்று ஆள் பார்த்து உள்ளே அனுப்புகிறவர் மாதிரி. பந்தியில் உட்கார்ந்து இலையும் போட்டாகிவிட்டால், வாசல்காரர் மயங்கி விழுந்தாலும் சாப்பாடு நிற்காது. பல வருடமாக என் மனதில் இருந்த படம் இதுதான். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் இப்படித்தான் சொன்னார், நானும் இரண்டு மூன்று பேருக்கு இப்படியே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

4ஆம் பதிப்பில் அந்த வாசலே கிடையாது. மவுண்ட் நெறிமுறையைத் தூக்கிவிட்டார்கள். கிளையன்ட் 2049 என்ற ஒரே போர்ட்டில் என்எஃப்எஸ்டியிடம் பேசி எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளும்.

இப்போது குழப்பம் புரியும். முதல் ஆய்வகம் தொங்கினால் மவுண்ட்டியைப் பிடிக்கலாம். மவுண்ட்டியிடம் பேசவே பேசாத இரண்டாவது ஆய்வகம் ஏன் தொங்கவேண்டும்?

தப்பான பக்கம்

சர்வரில் நுழைந்து பார்த்தேன். சிபியு சும்மா கிடக்கிறது. டிஸ்க் அமைதி. நெட்வொர்க்கில் நெரிசல் இல்லை. ஆர்பிசி பட்டியலைக் கேட்டால் 100005 பளிச்சென்று பதிவாகி இருக்கிறது. (அந்தப் பட்டியலைக் கொடுப்பது போர்ட்மேப்பர். கதவு எங்கே என்றுதான் அதற்குத் தெரியும், கதவுக்குப் பின்னால் ஆள் விழித்திருக்கிறாரா என்று தெரியாது. இது எனக்கும் தெரியும். ஆனால் பதற்றத்தில் பச்சை விளக்கைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.)

மவுண்ட்டி லாகைத் திறந்தேன். வழக்கமான ‘அனுமதித்த மவுண்ட் கோரிக்கை’ வரிகள் வந்துகொண்டுதான் இருந்தன. மறுப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே பத்து விநாடி, இருபது விநாடி இடைவெளி. அந்த இடைவெளியைக் கண்ணால் பார்த்தேன், அதன் மேல் சந்தேகமும் வந்தது. அப்போதுதான் போன் அடித்தது.

“சார், ஹால் டிக்கெட் லிஸ்ட் சேவ் ஆகமாட்டேங்குது. அப்படியே நிக்குது.”

“எப்ப லாகின் பண்ணீங்க மேடம்?”

“ஒன்பது அஞ்சுக்கே பண்ணிட்டேன். காலைல கொஞ்சம் லேட்டாதான் வந்துச்சு. அப்புறம் நல்லாத்தான் ஓடிட்டு இருந்துது.”

ஒன்பது ஐந்துக்கே மவுண்ட் ஆகி, முக்கால் மணி நேரம் ஒழுங்காக ஓடிய மெஷின் இப்போது நிற்கிறது. பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை வந்தவர். அவருக்கும் வாசல்காரருக்கும் இனி என்ன சம்பந்தம்? இரண்டாவது ஆய்வகத்துக்கும் சம்பந்தமில்லை, இவருக்கும் சம்பந்தமில்லை. ஆக மவுண்ட்டி குற்றவாளி இல்லை என்று பட்டியலிலிருந்து பெயரை அடித்தேன். அந்த ஒரு கோடு எனக்கு அரை மணி நேரம் செலவு வைத்தது.

என்எஃப்எஸ்டியின் திரெட்கள் (ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் கைகள்) எட்டுதான் ஓடிக்கொண்டிருந்தன, 32 ஆக்கினேன். ஒன்றும் மாறவில்லை. சுவிட்சைப் போய்ப் பார்த்தேன். கேபிளை மாற்றினேன். 10:05க்குக் கடைசி ஆயுதமாக என்எஃப்எஸ் சேவை முழுவதையும் ரீஸ்டார்ட் செய்தேன்.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அதுவரை உள்ளே போய் வேலை பார்த்துக்கொண்டிருந்த சில மாணவர்களும் அந்த நிமிடமே நின்றுபோனார்கள். 4ஆம் பதிப்பில் சர்வர் எழுந்ததும் பழைய கிளையன்ட்கள் தங்கள் பூட்டுகளைத் திரும்பக் கேட்டு வாங்க 90 விநாடி சலுகை நேரம் உண்டு, அதனால்தான் இருக்கும் என்று காத்திருந்தேன். 90 விநாடி போனது. மூன்று நிமிடம் போனது.

ஐந்து விநாடி மௌனம்

வேறு வழியில்லாமல், விடுதலை செய்த ஆளையே திரும்பக் கூப்பிட்டேன். ஓடிக்கொண்டிருந்த மவுண்ட்டியின் மேல் எஸ்ட்ரேஸ் போட்டேன். ஒரு நிரல் கர்னலிடம் என்னென்ன கேட்கிறது என்று வரிவரியாகக் காட்டும் கருவி அது.

சாதாரணமாகத் திரை அருவி மாதிரி ஓடும். இங்கே இரண்டு வரி வந்தது, நின்றது. 53ஆம் போர்ட்டுக்கு ஒரு பொட்டலம் அனுப்புகிறது. பிறகு 5000 மில்லிவிநாடி கெடு வைத்துக் காத்திருக்கிறது. மேசையில் விரலால் தட்டி எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ‘டைம்அவுட்’. உடனே இன்னொரு முகவரிக்கு அதே கேள்வி, பதில் கண்ணிமைக்குள். மறுபடி முதல் முகவரி, மறுபடி ஐந்து விநாடி. அதன்பிறகுதான் ஒரே ஒரு கிளையன்ட்டுக்குப் பதில் போகிறது. அடுத்த கிளையன்ட்டுக்கு மறுபடி முதலிலிருந்து.

53 என்றால் டிஎன்எஸ், பெயருக்கு ஐபியும் ஐபிக்குப் பெயரும் சொல்லும் சேவை. ஐபியை வைத்துப் பெயரைக் கேட்கிறது, வந்த பெயரை வைத்து ஐபியைத் திருப்பிக் கேட்டுச் சரிபார்க்கிறது. எங்கள் முதல் டிஎன்எஸ் சர்வர் மெயின் பிளாக்கில் இருக்கிறது. பிங் செய்தேன், ஒரு மில்லிவிநாடியில் பதில். ஆள் உயிரோடுதான் இருக்கிறார், கேள்வி கேட்டால் மட்டும் வாய் திறக்கவில்லை. மெயின் பிளாக் நெட்வொர்க் தம்பிக்குப் போன் போட்டேன். முதல்நாள் இரவு ஃபயர்வாலில் விதிகளை மாற்றியிருக்கிறார்கள், எங்கள் சர்வர் இருக்கும் சப்நெட்டிலிருந்து (நெட்வொர்க்கின் ஒரு பிரிவு) 53க்கு வழி அடைபட்டிருக்கிறது. ஆய்வக மெஷின்கள் வேறு சப்நெட் என்பதால் அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

ஃபயர்வால் ‘முடியாது’ என்று மறுத்திருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். மறுப்பு வந்த கணமே சர்வரில் டிஎன்எஸ் கேள்வி கேட்கும் பகுதியான ரிசால்வர் இரண்டாவது டிஎன்எஸ்ஸுக்குத் தாவிவிடும். இது கல்லுளிமங்கன் மாதிரி பொட்டலத்தை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தது. அப்போது ரிசால்வர் தன் இயல்புக் கெடுவான ஐந்து விநாடியை முழுதாகக் காத்துத் தீர்க்கும். ஒரு மெஷினுக்கு இரண்டு கேள்வி, பத்து விநாடி.

மவுண்ட்டி இயல்பில் ஒற்றை ஆள். 120 மெஷின், ஆளுக்குப் பத்து விநாடி, ஒருவர் பின் ஒருவராக. 1200 விநாடி, அதாவது 20 நிமிடம். அதுவும் எல்லோரும் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால். கிளையன்ட்கள் பொறுமை இழந்து திரும்பத் திரும்பக் கேட்கும். பழைய கோரிக்கை வரிசையிலேயே கிடக்கும், கேட்டவர் போய்விட்டார் என்று தெரியாமல் அதற்கும் மவுண்ட்டி பத்து விநாடி செலவழிக்கும். கிளையன்ட் கையேட்டில் ஒரு வேடிக்கை உண்டு: முன்னணியில் ஓடும் மவுண்ட் இரண்டு நிமிடம் முயன்றுவிட்டுக் கைவிடும், பின்னணியில் ஓடுவது 10,000 நிமிடம் முயலும். ஒரு வாரத்துக்கு 80 நிமிடம்தான் குறைவு.

அரை மணிக்கு ஒருமுறை

ஆனால் இது அலுவலக மெஷினையும் இரண்டாவது ஆய்வகத்தையும் விளக்கவில்லை. அங்கேதான் என் கல்யாண மண்டபப் படம் உடைந்தது.

லினக்ஸில் என்எஃப்எஸ்டி கர்னலுக்குள் இருக்கிறது. அதற்கு எக்ஸ்போர்ட்ஸ் கோப்பைப் படிக்கத் தெரியாது. ஒரு ஐபியிலிருந்து கோரிக்கை வந்தால், ‘இவர் யார், எந்தப் பட்டியலில் வருகிறார்?’ என்று வெளியே இருக்கும் ஒருவரைத்தான் கேட்கவேண்டும். அந்த ஒருவர் மவுண்ட்டி. கர்னலுக்கும் அதற்கும் நடுவே ப்ராக் கோப்பு முறைமையில் சில வாய்க்கால்கள் இருக்கின்றன. ஒன்றில் ஐபியைப் பற்றிய கேள்வி, ஒன்றில் எக்ஸ்போர்ட் பற்றியது, ஒன்றில் ஃபைல் ஹேண்டில் பற்றியது. 4ஆம் பதிப்புக் கிளையன்ட் நெட்வொர்க்கில் மவுண்ட்டியிடம் பேசுவதில்லை என்பது உண்மைதான். அதன் சார்பில் கர்னல் பேசுகிறது. இரண்டாவது ஆய்வகம் தொங்கியதற்குக் காரணம் அது.

மவுண்ட்டி சொல்லும் பதிலுக்கு ஆயுளும் உண்டு: 1800 விநாடி. அரை மணி நேரம் கர்னல் அதை நினைவில் வைத்திருக்கும். பாதி ஆயுள் கழிந்தபின் அந்த மெஷின் எதையாவது தொட்டால், பழைய பதிலை வைத்தே வேலையை நடத்திக்கொண்டு, புதுப் பதிலுக்கு மவுண்ட்டியிடம் சீட்டு அனுப்பும். ஆயுள் முழுக்க முடிந்தும் புதுப் பதில் வராவிட்டால் கோரிக்கை நின்றுவிடும்.

அலுவலக மேடத்தின் காலையை இதில் பொருத்திப் பார்த்தேன். 9:05க்கு முதல் பதில் (அந்தப் பத்து விநாடியைத்தான் ‘கொஞ்சம் லேட்’ என்றார்). 9:20க்குப் புதுப்பிப்பு, அப்போது கூட்டம் இல்லை, பத்து விநாடியில் பதில் வந்து 9:50 வரை ஆயுள் நீண்டது. 9:35க்கு அடுத்த புதுப்பிப்புச் சீட்டு, ஆனால் அதற்கு ஐந்து நிமிடம் முன்பே 120 பேர் வரிசையில் புகுந்துவிட்டார்கள். 9:50க்கு ஆயுள் முடிந்தது. 9:52க்கு எனக்குப் போன். கடிகாரம் மாதிரி நடந்திருக்கிறது.

பந்தியில் உட்கார்ந்தவரையும் அரை மணிக்கு ஒருமுறை ‘நீங்கள் யார்?’ என்று கேட்கும் மண்டபம் அது. கேட்பது அதே வாசல்காரர், அதே ஒற்றை ஆள். வெளி வரிசையையும் உள் வாய்க்காலையும் ஒரே சுற்றில் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்.

என் ரீஸ்டார்ட் செய்த காரியமும் அப்போதுதான் உறைத்தது. கர்னல் நினைவில் மிச்சமிருந்த நல்ல பதில்களையெல்லாம் அது கழுவிவிட்டது. எல்லோரையும் நானே வரிசையின் கடைசிக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஒரே ஒரு நட்சத்திரம்

இன்னொரு கேள்வி பாக்கி. எங்கள் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் எல்லாம் சப்நெட்தான், 192.168.20.0/24 என்கிற மாதிரி. ஐபியை எண்ணாகப் பார்த்தாலே முடிவு சொல்லிவிடலாம். டிஎன்எஸ்ஸுக்கு அங்கே என்ன வேலை?

கர்னல் நினைவில் உள்ள ஐபிப் பட்டியலை அப்படியே படித்துப் பார்த்தேன். பதில் வராமல் காத்திருப்பவை # குறியோடு வரிசையாக நின்றன. பதில் வந்த ஓரிரு வரிகளில் ஐபிக்குப் பக்கத்தில் அது பொருந்தும் எக்ஸ்போர்ட் விதிகளெல்லாம் காற்புள்ளி போட்டு எழுதப்பட்டிருக்கும். சப்நெட், ஒரு காற்புள்ளி, பிறகு நட்சத்திரத்தில் தொடங்கும் ஒரு டொமைன் பெயர்.

அந்த நட்சத்திரம் என்னுடையது. முந்தைய வாரம் இரண்டு நாள் ஒர்க்‌ஷாப் நடந்தது. விருந்தினர் லேப்டாப்கள் இரண்டு சப்நெட்டில் சிதறியிருந்தன, ஐபி தேடச் சோம்பல்பட்டு, ‘இந்த டொமைனில் உள்ள யாராக இருந்தாலும் படிக்கலாம்’ என்று நட்சத்திரம் போட்டு ஒரு வரி சேர்த்தேன். ஒர்க்‌ஷாப் முடிந்தது, வரி நின்றது.

மவுண்ட்டியின் உள்வேலை இப்படி: பட்டியலில் வைல்டுகார்டோ (நட்சத்திரம் போட்ட பெயர்) நெட்குரூப்போ (பெயர் வைத்த மெஷின் குழு) ஒன்றுகூட இல்லையென்றால், வந்த ஐபியை எண்ணாகவே வைத்துக்கொண்டு முடிவெடுக்கும், டிஎன்எஸ் பக்கம் தலைவைத்தும் படுக்காது. எங்கோ ஒரு மூலையில் ஒன்று இருந்தாலும் போதும், வருகிற ஒவ்வொருவருக்கும் பெயர் கண்டுபிடித்தாக வேண்டும், அவர் கேட்கும் டைரக்டரிக்கும் அந்த வரிக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும். யாரோ ஒருவர் அந்த நட்சத்திரத்துக்குள் வருவாரா என்று பெயர் தெரியாமல் எப்படிச் சொல்வது? தர்க்கம் சரிதான். டிஎன்எஸ் ஆரோக்கியமாக இருந்த ஒரு வாரமும் அந்தக் கேள்வி சில மில்லிவிநாடியில் முடிந்துகொண்டிருந்தது, யாருக்கும் தெரியவில்லை.

10:27க்கு அந்த வரியை அழித்துவிட்டுப் பட்டியலை மறுவாசிப்புச் செய்யச் சொன்னேன். எஸ்ட்ரேஸ் திரை அருவியாக ஓடியது. சர்வர் அறையிலிருந்து ஆய்வகத்துக்கு நடப்பதற்குள் உள்ளே கைதட்டல். அலுவலகத்தில் 9:50க்கு அழுத்திய சேவ் தானாக முடிந்திருந்தது, ஒரு எழுத்துப் போகவில்லை. எங்களுடையது ஹார்ட் மவுண்ட் (பதில் வரும்வரை விடாமல் காத்திருப்பது) என்பதால் வந்த புண்ணியம் அது. ‘தொங்கவே கூடாது’ என்று சாஃப்ட் மவுண்ட் வைக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்களுக்கு அன்று தொங்கியிருக்காது, கோப்பு பாதியில் பிழை கொடுத்துப் போயிருக்கும்.

தேர்வு 10:45க்குத் தொடங்கியது.

பிறகு மாற்றியவை

எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் இனி ஐபியும் சப்நெட்டும் மட்டும். உண்மையான மருந்து அதுதான். மவுண்ட்டிக்கு எட்டுத் துணை ஆட்களை வைத்தேன். நூற்றுக்கணக்கான மவுண்ட்கள் சில விநாடிகளில் வந்து குவியும் இடத்திலும், டிஎன்எஸ் மந்தமாக இருக்கும் இடத்திலும் ஒருவருக்கு மேல் தேவைப்படலாம் என்று மவுண்ட்டியின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே காலையில் எங்களுக்கு அமைந்தது. ஆனால் எட்டுப் பேர் இருந்திருந்தாலும் 1200 விநாடி 150 ஆகியிருக்கும், அவ்வளவுதான். இரண்டரை நிமிடம் சுற்றும் வட்டத்தைப் பார்த்துவிட்டு, சர்வர் மந்தம் என்று சொல்லிக் காரணத்தைத் தேடாமலே விட்டிருப்பேன்.

கண்காணிப்பில் முன்பு மவுண்ட்டி ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தோம். இப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன மெஷின் நிஜமாகவே மவுண்ட் செய்து, எத்தனை விநாடி ஆனது என்று எழுதிவைக்கிறது. இரண்டு விநாடியைத் தாண்டினால் எனக்குச் செய்தி வரும்.

கையோடு மவுண்ட்டியின் போர்ட்டையும் 20048 என்று நிலைப்படுத்தி, ஆய்வக சப்நெட்களுக்கு மட்டும் திறந்துவிட்டேன். அதுவரை வளாகம் முழுவதற்கும் திறந்து கிடந்தது. அது சும்மா விடக்கூடிய விஷயமில்லை. 1998 அக்டோபரில் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட் வெளியிட்ட எச்சரிக்கை, லினக்ஸ் மவுண்ட்டியின் லாக் எழுதும் பகுதியில் இருந்த இடநிரம்பல் பிழையைப் பற்றியது. ஒரு டைரக்டரிகூட எக்ஸ்போர்ட் செய்யாத சர்வரையும் அதன் வழியாகப் பிடிக்கலாம் என்ற அளவுக்கு. 2003இலும் அதே லாக் எழுதும் வேலையில், ஒரே ஒரு பைட் எல்லை தாண்டி எழுதிய இன்னொரு பிழை வந்தது.

மெயின் பிளாக் தம்பி அன்று மாலையே 53ஐத் திறந்துவிட்டார். திறந்ததும் நட்சத்திர வரியைத் திரும்பப் போட்டாலும் எல்லாம் வேகமாகத்தான் ஓடும் என்பதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. போன வாரம் உதவியாளர் வந்தார்.

“சார், அடுத்த மாசம் மறுபடி ஒர்க்‌ஷாப் இருக்காம். போன தடவ மாதிரியே ஒரு ஷேர் போட்டுத் தரச் சொன்னாங்க.”

“எந்த ஐபி ரேஞ்சுன்னு எழுதி வாங்கிட்டு வாங்க சார். எந்தத் தேதி முடியுதுன்னும் எழுதச் சொல்லுங்க.”

“ரேஞ்சு அவங்களுக்கே தெரியாதாம் சார்.”

“அப்ப பென்டிரைவ்ல குடுத்துக்கச் சொல்லுங்க.”